தலைவர் நாற்காலி: கேள்வி-பதில்

பெண் பேராசிரியர்கள் மேலே வர அவர்களுக்கென்று தனி வலையமைப்பு எதற்கு? ஆண்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?
- வாசகர், மதுரை

இருக்கிறது. பெயர்ப்பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான். சாயங்கால ஷட்டில் கோர்ட், புத்தொளிப் பயிற்சியில் ஒரே அறை, ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார்’ என்று ஒரு போன். சந்தாகூடக் கிடையாது!

இதை உருப்படியாகச் செய்து காட்டியவர்கள் உண்டா?
- விரிவுரையாளர், கோவை

உண்டு. அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 1973-ல் உயர்கல்வியில் இருக்கும் பெண்களுக்காக ஓர் அலுவலகம் திறந்தது. அதை நடத்திய எமிலி டெய்லர், முன்பு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கான டீன். கல்லூரித் தலைவரைத் தேடும் குழுக்கள் அந்த நாளில் சொல்லிவந்த சாக்கு ஒன்றுதான்: ‘பெண்ணைப் போடத் தயார், தகுதியான ஆள் கிடைக்கவில்லையே!’ ஆள் இருந்தார்கள். குழுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர்களைத் தெரியாது.

1977-ல் அந்த அலுவலகம் கொண்டுவந்த திட்டத்தின் பெயரே ‘தேசிய அடையாளம் காணும் திட்டம்’. மாநிலத்துக்கு மாநிலம் ஒருங்கிணைப்பாளர்கள், சம்பளமில்லாத வேலை. தலைமைப் பொறுப்புக்குத் தயாராக இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து, ஏற்கெனவே பதவியில் இருக்கும் தலைவர்களோடு (பெரும்பாலும் ஆண்கள்தான்) ஒரே மேஜையில் உட்காரவைப்பார்கள். கல்லூரி நடத்துவதன் தலைவலிகளைப் பேசவிடுவார்கள். ஊர் திரும்பும் தலைவருக்கு இரண்டு பெயராவது மனதில் நிற்கும். அடுத்த முறை எங்காவது இடம் காலியாகி, ‘யாராவது தெரியுமா?’ என்று போன் வந்தால் அந்தப் பெயர் வாயில் வரும். விளம்பரம் வந்தபிறகு விண்ணப்பம் தட்டச்சு செய்வதில் பாதி ஆட்டம் போய்விடுகிறது என்று புரிந்துகொண்ட திட்டம். எனக்குப் பிடித்தது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான். அதே வித்தையை மதுரைக்காரருக்குச் சொன்ன ஷட்டில் கோர்ட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டார்கள்.

பலன் கிடைத்ததா?
- வாசகி, சேலம்

1986-ல் அமெரிக்கக் கல்லூரித் தலைவர்களில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2022-ல் 33 பேர். முழுப் புகழையும் வலையமைப்புக்கே கொடுக்க மாட்டேன். சட்டமும் சேர்ந்து தள்ளியது. அங்கே மாணவர்களில் பெண்கள் பாதிக்கு மேல் ஆகி நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது. 2016-ல் 30, ஆறு ஆண்டு கழித்து 33. இதை வேகம் என்றால் ஆமைக்கும் ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

மேலே போன பெண், அடுத்த பெண்ணுக்கு ஏணி போடுவாரா, ஏணியை எடுத்துவிடுவாரா?
- வாசகர், ஈரோடு

இரண்டு வகையும் உண்டு. ஆண்களிலும்தான். அவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை.

ஹார்வர்டில் தலைவராக வந்த கிளாடின் கே ஆறே மாதத்தில் போய்விட்டாரே?
- வாசகர், சென்னை

அவர் மட்டுமா? 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆறுக்குப் பெண்களே தலைவர்கள். 2024 ஆகஸ்ட் முடிவதற்குள் ஹார்வர்டு, பென்சில்வேனியா, கார்னெல், கொலம்பியா ஆகிய நான்கிலும் அந்தத் தலைவர்கள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது. கார்னெலின் மார்த்தா போலாக் ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிப் போனார். கே மீது, காசா போரை ஒட்டிய கொந்தளிப்போடு, எழுத்துத் திருட்டுப் புகாரும் சேர்ந்துகொண்டது. ஆள் தெரிந்தால் நாற்காலி கிடைக்கலாம். அதில் நீடிப்பது நன்கொடையாளர், அறங்காவலர், அரசியல்வாதி என்று மூன்று வீட்டாரைச் சமாளிக்கிற வேலை. அதற்கு எந்த வலையமைப்பும் உத்தரவாதம் தருவதில்லை.

எல்லாம் அமெரிக்காவிலேயே நடக்கிறதே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
- மாணவி, வேலூர்

வேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? உங்கள் ஊரில் 1918-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளிக்கும், 1915-ல் எலினர் மக்டூகலை முதல்வராகக் கொண்டு சென்னையில் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் 1920-களில் பணம் திரட்டியது அமெரிக்கத் திருச்சபைப் பெண்களின் வலையமைப்புதான். ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபடி அவர்களை ஒன்று சேர்த்தார். ‘நீங்கள் இருபது லட்சம் டாலர் சேருங்கள், நாங்கள் பத்து லட்சம் தருகிறோம்’ என்று ராக்ஃபெல்லர் தரப்பு நிபந்தனை போட்டது. சேர்த்துக் காட்டினார்கள்.

இந்தியாவில் பெண் துணைவேந்தர்கள்?
- வாசகர், திருநெல்வேலி

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பரோடா பல்கலைக்கழகத்துக்கு 1949-லேயே ஹன்சா மேத்தா வந்துவிட்டார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்: 1920-ல் முதல் வேந்தரே போபால் பேகம் சுல்தான் ஜஹான். துணைவேந்தராக ஒரு பெண், நைமா கத்தூன், வந்தது 2024-ல். கௌரவப் பதவி உடனடியாக, கையெழுத்துப் போடும் பதவி 104 ஆண்டு கழித்து.

நான் துறைத்தலைவி. முதல்வராக ஆசை. எங்கே தொடங்குவது?
- வாசகி, தஞ்சாவூர்

விழாக் குழுவிலிருந்து விலகுவதில். ஆண்டுவிழா என்றால் குத்துவிளக்கு, சந்தனப் பேலா, சால்வை, வரவேற்புரை எல்லாம் மேடம் தலையில். நிதிக் குழு, கட்டடக் குழு, கொள்முதல் குழு சார் கையில். பத்து வருடம் போனதும் ‘மேடத்துக்கு நிர்வாக அனுபவம் போதாது’ என்று குறிப்பு எழுதுவதும் அதே சார்தான். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் 1976-ல் ஹெர்ஸ் அமைப்பு பெண்களுக்கென்றே நிர்வாகப் பயிற்சி தொடங்கியது. கல்லூரியின் வரவுசெலவைப் படிக்கத் தெரிவது அதில் முக்கியமான பாடம். நீங்களும் இந்த வாரமே உங்கள் கல்லூரியின் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சந்தனப் பேலாவை சார் பார்த்துக்கொள்ளட்டும்.