குடுவை முதல் குரோம் வரை

உலகின் முதல் வெப்கேம் எதைக் கண்காணித்தது தெரியுமா? எதிரிப் படையையோ வால்நட்சத்திரத்தையோ அல்ல. காபிக் குடுவையை.

1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், ட்ரோஜன் அறை என்ற அறையின் வாசலில் ஒரு காபி இயந்திரம் இருந்தது. ஆய்வாளர்களோ பல மாடிகளில் சிதறிக் கிடந்தார்கள். ஆசையாகப் படியிறங்கி வந்தால் குடுவை காலி. முந்தி வந்த மகராசன் கடைசிச் சொட்டுவரை வழித்துப் போயிருப்பார். சாதாரண மனிதர்களாக இருந்தால் இன்னொரு இயந்திரம் வாங்கியிருப்பார்கள். இவர்கள் விஞ்ஞானிகள் ஆயிற்றே! குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, படத்தை ஆய்வகக் கணினிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று தடவை. காபி இருக்கிறதா என்பது தெரிந்தது. குடிக்கிற மாதிரி இருக்கிறதா என்பதை நேரில் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1993 நவம்பரில் குடுவை இணையத்துக்கே வந்துவிட்டது. ஒரு வாய் கூடக் கிடைக்காது என்று தெரிந்தும் உலகமே எட்டிப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 22-இல் கேமராவை அணைத்தார்கள். குடுவையை ஈபேயில் 3,350 பவுண்டுக்கு வாங்கியது ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன். அந்தக் காசுக்கு மாடிக்கு ஒன்றாகவே புது இயந்திரம் வைத்திருக்கலாம்.

அதுவரை நாம்தான் ஊரை வேடிக்கை பார்த்தோம். நம் முகத்தை பிரவுசர் பார்த்ததில்லை. 2002-இல் மேக்ரோமீடியா நிறுவனத்தின் ஃபிளாஷ் 6 என்ற பிரவுசர் செருகுநிரல் கல்யாணத் தரகர் போல நடுவில் வந்து உட்கார்ந்தது. கேமராவும் சர்வரும் நேரில் பேசக்கூடாது, எல்லாம் அவர் வழியாகத்தான். பேசுவதும் ஆர்டிஎம்பி என்ற அவருடைய சொந்த பாஷையில். சர்வர் மென்பொருளுக்குத் தனிக் காசு. காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அந்த பாஷையை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டு, ரெட்5 என்ற இலவச சர்வரைச் செய்துவிட்டார்கள். மேக்ரோமீடியாவை வாங்கிய அடோபி, ஊரறிந்த அந்த ரகசியத்தை 2009-இல் முறைப்படி வெளியிட்டது!

நடுவில் 2008-இல் ஒரு கூத்து. ஃபிளாஷின் ‘அனுமதி’ப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விளையாட்டின் மேல் விரித்துவைத்தால் போதும். ஆடுகிறவர் பட்டனைக் குறிவைத்துச் சொடுக்க, கேமரா திறந்துகொள்ளும் என்று செய்து காட்டினார்கள். அப்போதுதான் பலருக்கும் சட்டை போட்டுக்கொண்டு கணினி முன் உட்காரும் பழக்கம் வந்திருக்க வேண்டும்.

2010-இல் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சுமார் 6.8 கோடி டாலருக்கு இணையத்தில் குரலும் வீடியோவும் அனுப்பும் தொழில்நுட்பம் வைத்திருந்த ஜிஐபிஎஸ் நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதன் சரக்கை வைத்து 2011-இல் தரகரில்லாமல் பிரவுசரே கேமராவோடு பேசும் வெப்ஆர்டிசியை இலவசமாக அவிழ்த்துவிட்டது. உடனே சண்டை: வீடியோவைச் சுருக்க விபி8-ஆ, எச்.264-ஆ? இணையத் தரநிலை வகுக்கும் குழுவினர் வருடக்கணக்கில் மின்னஞ்சலில் அடித்துக்கொண்டு, 2014 நவம்பரில் ஹொனலுலுவில் கூடித் தீர்ப்புக்கு வந்தார்கள்: பிரவுசர்களுக்கு இரண்டும் கட்டாயம். இதைச் சொல்ல ஹவாய் வரை போக வேண்டியிருந்தது.

இத்தனை அமளியில் பதிவு செய்வதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. குரோமில் 2012-இலேயே முகம் தெரிந்தது; சேமிக்கத்தான் வழியில்லை. புரோகிராமர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் கேன்வாஸில் வரைந்து, படம்படமாகத் தைத்து, குரலைத் தனிக் கோப்பாக ஏற்றி, சர்வரில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை வைத்து ஒட்டினார்கள். டப்பிங் படம் தோற்றது. உதடு மூடிய பிறகு வணக்கம் கேட்கும்.

பிரவுசரே பதிவு செய்துதரும் மீடியாரெக்கார்டர் வந்ததும் விடிந்தது. குரலும் வீடியோவுமாக அது குரோமுக்கு வந்தது 2016-இல்; சஃபாரிக்கு 2021-இல், ஆற அமர. வீடியோவைத் துண்டு துண்டாக நறுக்கித் தரும், அப்படியே சர்வருக்கு அனுப்பலாம். முதல் துண்டில் மட்டும்தான் தலைப்புத் தகவல். அது வழியில் தொலைந்தால் மிச்சமெல்லாம் வெறும் முண்டம், ஓடாது.

எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தாலும் குரோமுக்கு இன்னொரு குசும்பு உண்டு. எப்போது முடியும் என்று தெரியாமலே எழுத ஆரம்பிப்பதால், கோப்பில் நீளத்தைக் குறிப்பதில்லை. வேலைக்கு மனுப்போட்டவர் பதிவு செய்த அரை நிமிட சுய அறிமுகத்தைத் திறந்தால், நீளம் ‘முடிவிலி’ என்கிறது பிரவுசர். இதற்குப் புரோகிராமர்கள் கண்ட வைத்தியம்: 1-க்குப் பின் 101 சுழியம் போட்டு, அத்தனையாவது விநாடிக்கு ஓடு என்று வீடியோவுக்கு உத்தரவிடுவது. அதுவும் நம்பி ஓடி, முப்பதாவது விநாடியில் சுவரில் முட்டிக்கொண்டு, நீளம் இவ்வளவுதான் சார் என்று ஒப்புக்கொள்ளும்.