எல்லாம் ஷேருவின் பேரில்

எங்கள் காட்டாக்கடைப் பக்கம் பாறசாலைக்குப் போனாலும் சரி, வெள்ளறடைக்குப் போனாலும் சரி, இரண்டு வளைவு திரும்பினால் ஒரு டெல்லி சார் வீடு வரும். சார் டெல்லியில் ஏதோ ஒரு 'பவனி'ல் முப்பது வருடம் ஃபைல் பார்த்தவர். மனைவி அங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஆகையால் ஊருக்கு அவர் சிஸ்டர். சாரும் சிஸ்டரும் என்று சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. பெயர், வீட்டு எண் எல்லாம் வேண்டாம். நான் சொல்வது ஓர் ஆளை அல்ல, ஒரு ரகத்தை.

இந்த ரகம் ஊருக்குத் திரும்பும் பருவம் ஜூன். கேரளத்தில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம். அதற்குள் பிள்ளைக்கு வயது நிறைய வேண்டுமே என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் பாதிப் பேருக்கு மே மாதத்தில் பிறந்தநாள் எழுதிவிட்டார்கள். அதன் பலனாக இன்றும் மாநில அரசில் ஆயிரக்கணக்கானவர்கள் மே 31 அன்று ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். சார் வேலை பார்த்தது டெல்லி என்றாலும் பிறந்தது அதே வாத்தியாரின் பேனாவில்தான். மே 31 அன்று மாலை, சந்தன மாலை, கேக்கு, நான்கு மொழியில் நான்கு பாராட்டுரை. ஜூன் முதல் வாரத்தில் கார் கிளம்பிவிடும். முன்சீட்டில் சாரும் சிஸ்டரும். பின்சீட்டு முழுக்க ஷேரு.

ஷேரு லாப்ரடார். முப்பது கிலோவுக்குக் குறையாது. டெல்லியில் பிறந்து, இந்தியில் வளர்ந்து, சப்பாத்தியில் தடித்தவன்.

"ரயிலில் வந்திருக்கலாமே சாரே" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது. ரயில்வே விதியை சார் நின்றுகொண்டே விளக்குவார். முதல் வகுப்பு ஏசியில் தனி அறை முழுவதையும் எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும்; இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கும் கூண்டில் போட வேண்டும். விமானத்திலோ, கையில் தூக்கி மடியில் வைக்கிற குட்டி நாய்க்குத்தான் மேலே இடம். ஷேருவின் உடம்புக்குச் சரக்கு அறைதான். "என் பிள்ளையைச் சரக்கில் போடுவேனா?" என்பார். சொந்தப் பிள்ளையை எத்தனையோ மே மாதங்களில் முன்பதிவு இல்லாத பெட்டியில் நிற்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்தவர் இவர் என்பது எங்களுக்கு நினைவிருக்கும். சொல்ல மாட்டோம்.

உண்மைக் காரணம் வேறு. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக் கூடாது என்பது அப்போதைய விதி. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சாரின் கார் டீசல், வயது ஒன்பதரை. விற்கப் போனால் கிடைக்கிற விலையைக் கேட்டு அவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் காருக்கு மறுபிறவி உண்டு. பன்னிரண்டு மாதத்துக்குள் புது எண் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் நாகர்கோவில் டிஎன் 74, இந்தப் பக்கம் காட்டாக்கடை கேஎல் 74. ஆக, 2,800 கிலோமீட்டர் ஊர்வலம் நடந்தது காருக்காக. பெயர் மட்டும் ஷேருவுக்கு.

சிஸ்டருக்கும் ஒரு காரணம் உண்டு. மகனுக்கு குருகிராமில் பதினான்காவது மாடியில் வீடு. அம்மாவும் அப்பாவும் கூடவே இருக்கட்டும் என்பது அவன் ஆசை. மருமகள் நல்ல பெண். நல்ல பெண்ணோடு ஒரே அடுக்களையில் எத்தனை நாள் நல்ல மாமியாராக இருக்க முடியும் என்பதுதான் சிஸ்டரின் பயம். மகனிடம் சொன்னது: "ஷேருவுக்கு லிஃப்ட் ஆகாது மோனே."

நிலத்தைப் பினாமி பேரில் வாங்கக் கூடாது என்று 1988-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆசையையும் பயத்தையும் பிடிவாதத்தையும் நாய் பேரில் பதிவுசெய்து வைப்பதைத் தடுக்க இன்னும் சட்டம் வரவில்லை. இந்த ரகத்துத் தம்பதிகளின் சொத்து முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

பயணக் கதைக்கு எப்போதும் இரண்டு பிரதி. சார் திண்ணையில் சொல்வது ஒன்று, சிஸ்டர் கிணற்றடியில் சொல்வது ஒன்று. நாக்பூருக்கு வடக்கே பென்ச் காட்டில் 44-ஆம் எண் சாலையைத் தூணில் தூக்கி நிறுத்தி, கீழே மிருகங்கள் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஷேரு புலியை மோப்பம் பிடித்து ஜன்னலில் பாய்ந்ததாக சாரின் பிரதி. அதே இடத்தில் ஷேரு தூங்கிக்கொண்டிருந்ததாகவும், பாய்ந்து எழுந்தது சார்தான் என்றும், அதற்குக் காரணம் வேகக் காமிரா என்றும் சிஸ்டரின் பிரதி. கர்நூலில் ஷேரு சாப்பிட மறுத்து உண்ணாவிரதம் இருந்தான் என்று இவர் சொல்வார். சாருடைய பிரியாணியைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்து படுத்திருந்தான் என்று அவர் சொல்வார். முப்பந்தல் வந்ததும் காற்றாலைகளைப் பார்த்து ஷேரு ஒவ்வொன்றாகக் குரைத்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அது நடந்திருக்கும்.

லாட்ஜ் விஷயத்தில் எனக்கு சார்மேல் உண்மையிலேயே அனுதாபம் உண்டு. மகாபாரதத்தின் கடைசியில் தருமரோடு ஒரு நாய் நடக்கிறது. அதை விட்டுவிட்டு சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று அவர் நின்றுவிடுகிறார். தருமருக்கு வாதாட வேண்டியிருந்தது ஓர் இந்திரனோடு. சாருக்கோ குவாலியர் தொடங்கி சேலம் வரைக்கும் ஊருக்கு ஊர் ஒரு மேனேஜர். அதிலும் இந்திரன் ஏசி அறைக்கு அட்வான்ஸ் கேட்கவில்லை. விரிப்பில் ரோமம் இருந்தால் தனிக் கட்டணம் என்று போர்டும் வைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜான் ஸ்டைன்பெக் என்ற எழுத்தாளர் 1960-ல் சார்லி என்ற நாயோடு வண்டியில் நாடு சுற்றினார். 1962-ல் அது புத்தகமாக வந்தது. அதே வருடம் நோபல் பரிசும் வந்தது. இந்தத் தகவலை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து சார் ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தேதி போட்டு வைத்திருக்கிறார். ஸ்டைன்பெக்கைப் படிக்கவில்லை. பரிசு விவரம் மனப்பாடம்.

இனி எல்லையைக் கடந்த கதை. ஷேருவுக்கென்று ஒரு ஃபைல் உண்டு: தடுப்பூசிப் புத்தகம், டாக்டரின் உடல்தகுதிச் சான்று, புகைப்படம் நான்கு, எல்லாவற்றுக்கும் மூன்று நகல், நகலுக்கு நகல். முப்பது வருட உத்தியோகத்தில் சார் இவ்வளவு அழகான ஃபைல் செய்ததில்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு. ஒரு மாநிலத்திலும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சுங்கச் சாவடியில்கூட ஃபாஸ்டாக் சத்தம் போட்டது, கம்பு தூக்கியது, போய்க்கொண்டே இருந்தார்கள். சார் வாடிப்போனார். ஒரே நம்பிக்கை கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை. ஓணத்துக்கு முன்னால் பாறசாலையில் பால் வண்டியை நிறுத்திப் பாலையே சோதித்துப் பார்க்கிற மாநிலம், நாயை விட்டுவிடுமா?

களியக்காவிளை வந்தது. மீன் வாங்குகிற கூட்டம், கோழி ஏற்றிய வண்டி, இரண்டு மாநிலத்து பஸ்களின் ஹாரன். யாரும் திரும்பியே பார்க்கவில்லை. சார் தானாகவே காரை ஓரம் கட்டி, ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கி, மழைக்கு ஒதுங்கி நின்ற போலீஸ்காரரிடம் போனார். போலீஸ்காரர் முதல் பக்கத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஷேருவைப் பார்த்தார்.

"நாய்க்கு எதுக்கு சாரே காகிதம்? மழை நனையாம வீட்டுக்குப் போங்கோ."

இந்தப் பகுதி சாரின் பிரதியில் கிடையாது. சிஸ்டர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

இடவப்பாதி மழையோடு மழையாகக் கார் வந்து நின்றது. சுற்றுச்சுவர் பூசாத புது வீடு, பின்னால் ரப்பர், முன்னால் அயல்வாசிகள். சார் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தைச் சொன்னார். ஒருவரும் வாய் பிளக்கவில்லை. பக்கத்திலேயே கோட்டூர் காப்புக்காட்டில் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ யானையை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அடுத்த வீட்டு அம்மச்சி மட்டும் குடையை மடக்கிவிட்டு அருகில் வந்து கேட்டார்:

"இவ்வளவு தூரத்துலயிருந்து ஒரு நாயைக் கொண்டு வரணுமா மக்களே? நம்ம சந்தைமுக்குல நாய் கிடைக்காதா?"

அம்மச்சியைக் குறை சொல்ல முடியாது. திருவிதாங்கூரில் பிறந்தவர், 1949-ல் திருக்கொச்சிக்காரியானார், 1956 நவம்பரில் கேரளக்காரியானார். அந்த நவம்பரில் விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. கூடப்பிறந்த அக்காள் வேறு மாநிலத்துக்காரியாகிவிட்டாள். மூன்று ராஜ்யத்தையும் அம்மச்சி பார்த்தது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே. நாலு நாள் காரோட்டி வந்ததெல்லாம் அவர் கணக்கில் ஒரு பயணமா?

2,800 என்று வந்திறங்கிய தூரம் ஆடியில் 3,000 ஆனது. ஓணத்தில் 3,200. கிறிஸ்துமஸ் கேக்கு வெட்டும்போது 3,400-ஐத் தொட்டது. எனக்குப் பயம் இல்லை. அந்த 44-ஆம் எண் சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. மொத்த நீளமே 3,745 கிலோமீட்டர்தான். அதற்குமேல் நீட்ட சாருக்கு வழியில்லை.

ஷேரு வந்ததில் ஊருக்கு ஒரு லாபம். அவனுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். 'உட்காரு' என்றால் வாலை ஆட்டுவான். 'பைட்டோ' என்றால் உட்காருவான். இரண்டு வாரத்தில் பிள்ளைகள் எல்லாம் பைட்டோ, உட்டோ, சலோ, சுப் என்று சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 1965-ல் எல்லைக்கு அந்தப்புறம் மாணவர்கள் தெருவில் இறங்கித் தடுத்துப் பார்த்த ஒன்றை, எல்லைக்கு இந்தப்புறம் ஒரு லாப்ரடார் சுற்றறிக்கைகூட இல்லாமல் நடத்திக் காட்டியது.

மற்றபடி பினாமி வேலை முன்னைவிட மும்முரம். கல்யாணத்துக்கு அழைத்தால், "ஷேருவைத் தனியா விட முடியாதே." உறவுக்காரர் இரண்டு நாள் தங்க வந்தால், "ஷேருவுக்குப் புது ஆளைக் கண்டா சரியாவாது." திருவிழா வசூலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு போனால் கேட்டின் உள்ளே ஷேரு நிற்பான், சார் இருக்க மாட்டார். மகன் போனில் கூப்பிட்டு, டெல்லிப் பக்கம் ஒரு தடவை வந்துபோங்கள் என்றால், "இவனை எப்படிடா மறுபடியும் அவ்வளவு தூரம்..." வீட்டுக்குள் சண்டை வந்தாலும் ஷேரு வழியாகத்தான்: "ஷேரு, அப்பாகிட்ட சொல்லு, காப்பி ஆறிப்போச்சு." "ஷேரு, அம்மாகிட்ட சொல்லு, சூடா இருந்தப்போ கூப்பிட்டிருக்கலாம்." ஷேரு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு காப்பியைக் குடித்துவிடுவான்.

இப்படியே போயிருக்கும். பஞ்சாயத்துதான் கெடுத்தது. வீட்டு நாய்க்கு உரிமம் வேண்டும் என்று 1998-லிருந்தே பஞ்சாயத்து ராஜ் விதி இருக்கிறது. தெருநாய்க் கடி செய்தி தினம் வர ஆரம்பித்தபிறகு அதைத் தூசு தட்டிக் கேட்கிறார்கள். சாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கடைசியில் ஃபைலுக்கு வேலை வந்ததே! இருவரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஷேருவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் வரி கட்டுகிற வேலை இருந்ததால் வரிசையில் பின்னால் நின்றேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று? இருக்கிறது, மூன்று நகல். நாயின் பெயர், நிறம், வயது? கேட்பதற்கு முன்பே பதில்.

"உடமைக்காரர் பேரு?"

சார் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஃபைலைப் பார்த்தார்.

"நாளைக்கு இது யாரையாவது கடிச்சா, பொறுப்பு இந்தப் பேருக்குத்தான் வரும். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் உள்ளே இருந்தவர்.

"அவன் உன் பேச்சைத்தானே கேப்பான். உன் பேரைப் போடு."

"ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தது நீங்க."

"சோறு போடுறது யாரு?"

"இவ்வளவு தூரம் கார்ல கொண்டு வந்தது யாரு? தினமும் ஊரெல்லாம் சொல்றியளே!"

வரிசை நீண்டது. எல்லாம் எழுதிவைக்க ஒரு பேர் கொடுத்த ஷேருவுக்குத் திருப்பி ஒரு பேர் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் ஃபைல்தான் தீர்த்து வைத்தது. நாய்க்கு இருபது காகிதம் இருந்த அந்த ஃபைலில் மனிதர் காகிதம் ஒன்றே ஒன்று இருந்தது, சாரின் ஆதார் நகல். உள்ளே இருந்தவர் அதை எடுத்து எழுதிக்கொண்டார். உரிமம் சாரின் பேரில் வந்தது. அந்த வாரம் முழுக்க ஷேருவுக்குக் கயிறு இரண்டு முடிச்சு.

ஜூன் பிறந்ததும் உங்கள் தெருவிலும் வெளிமாநில எண் போட்ட கார் ஒன்று வந்து நிற்கும். போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். கதை நீளும், இருந்து கேளுங்கள். தூரத்தை மட்டும் திருத்தாதீர்கள். தடுப்பூசி இந்த வருடத்துக்குப் போட்டாயிற்றா என்று அவசியம் கேளுங்கள், வருடா வருடம் போட வேண்டியது அது. வேறு எதைக் கேட்பதானாலும் நாயைப் பார்த்தே கேளுங்கள். பதில் எப்படியும் அதன் பேரில்தான் வரும்.