பிள்ளைக் கணக்குப்பிள்ளை

“குழந்தைக்கு எத்தனை மாசம்?” என்று பேச்சுக்குக் கேட்டால், “இருபத்திமூணு வாரம், ரெண்டு நாள்” என்று பதில் வரும். கேட்டவர் மனசுக்குள் நாலால் வகுத்து ஒரு விடைக்கு வருவதற்குள் கைபேசி வெளியே வந்திருக்கும். அதில் ஓர் எக்செல் கோப்பு. தலை நின்ற தேதி, முகம் பார்த்துச் சிரித்த தேதி, குப்புற விழுந்த தேதி எல்லாம் வரிசையாக. நடந்தது பச்சை, நடக்க வேண்டியது மஞ்சள், தாமதமானது சிவப்பு. பார்த்துவிட்டு ஏதாவது சொல்லித்தான் தீர வேண்டும். “பரவாயில்லையே” என்றால் போதாது.

இவர்தான் பிள்ளைக் கணக்குப்பிள்ளை. முதல் குழந்தையின் அப்பா. வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் ராத்திரி அவசர அவசரமாகத் தாக்கல் செய்கிறவர், பிள்ளையின் ஏப்பத்தை மட்டும் நிமிடம் தவறாமல் குறித்து வைப்பார். அம்மாக்களிலும் இந்த ரகம் உண்டு. ஆனால் கோப்பைத் திறக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டுமே.

முதல் பதிவு பிறந்த அன்றே ஏறிவிடுகிறது. குழந்தையின் உள்ளங்கையில் இவர் விரலை வைக்கிறார். அது இறுகப் பற்றிக்கொள்கிறது. “அப்பாவை அடையாளம் தெரிகிறது” என்று எழுதிவிடுகிறார். பிறந்த குழந்தை, கையில் எது பட்டாலும் பிடிக்கும். போர்வை நுனியானாலும் நர்ஸின் பேனாவானாலும் அதே பிடிதான். கண்ணும் அப்போது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகப் பார்க்கும். கட்டில் கால்மாட்டில் நின்று கையாட்டிய அப்பா அதற்கு ஒரு மங்கலான சட்டை, அவ்வளவுதான். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம்.

முதல் பிரசவம் என்பதால் தாயும் சேயும் தென்காசியில், மாமியார் வீட்டில். இவருக்கு வேலை சென்னையில். வெள்ளி இரவு பொதிகை எக்ஸ்பிரஸ், ஞாயிறு மாலை திரும்பவும் பொதிகை. குழந்தையோ தன் சாதனைகளையெல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலக நேரத்தில் முடித்துவிட்டு, சனி, ஞாயிறு தூங்கும் சுபாவம் உள்ளது.

ஒரு சனிக்கிழமை அது தூக்கத்தில் சிரித்தது. மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “சாமி பூ காட்டுது” என்றார். கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கியது. “நரி வெரட்டுது” என்றார்.

“இது சிரிப்பு இல்லீங்க அத்தை, ரிஃப்ளெக்ஸ். நிஜச் சிரிப்பு ஆறு வாரத்துக்கு மேலதான் வரும்.”

“ரிஃப்ளெக்ஸோ கிஃப்ளெக்ஸோ, சிரிக்க வைக்கிறது சாமிதானே மாப்ள.”

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் கோப்பில் நரிக்குப் பத்தி கிடையாது.

இந்தத் தொழிலில் இவருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. சார்லஸ் டார்வின், 1839 டிசம்பர் 27 அன்று தன் மூத்த மகன் வில்லியம் பிறந்ததிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதினார். ஏழாம் நாள் காகிதத் துண்டு ஒன்றால் உள்ளங்காலை வருடிப் பார்த்தார். குழந்தை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. எழுதினார். தன் குழந்தைகளில் ஒன்று 45ஆம் நாள் சிரித்தது, இன்னொன்று 46ஆம் நாள் சிரித்தது என்று அந்த ஒரு நாள் வித்தியாசத்தைக்கூட விடவில்லை. சரியாக ஒரு வயதில் வில்லியம் சாப்பாட்டுக்கு ‘மம்’ என்று ஒரு சொல்லைத் தானே உண்டாக்கிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் மம்மம் ஊட்டுகிற பாட்டிகளைக் கேட்டிருந்தால் அது அவ்வளவு புதிதில்லை என்று தெரிந்திருக்கும். எப்படியோ, அந்தக் குறிப்புகளை டார்வின் முப்பத்தேழு வருஷம் பெட்டியில் வைத்திருந்துதான் 1877இல் ‘மைண்ட்’ என்ற இதழில் வெளியிட்டார். வில்லியம் அதற்குள் சவுத்தாம்ப்டனில் வங்கிக்காரராகிவிட்டிருந்தார்.

நம்மவர் முப்பத்தேழு நொடி பொறுக்க மாட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காணொளி போய்விடும். போன கையோடு தென்காசியில் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும். மாமியார் கணக்கில், பார்த்த கண் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு இந்த மாப்பிள்ளைதான்.

ஒரு புதன்கிழமை இரவு மனைவி ஃபோனில், “பாப்பா கவுந்துடுச்சுங்க!” என்றாள். இந்தப் பக்கம் அமைதி. பிறகு, “சனிக்கிழமை வரைக்கும் மல்லாக்கவே போட்டு வைங்களேன்” என்றார்.

சனிக்கிழமை காலை முகம்கூடக் கழுவாமல் பாயில் குழந்தைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கைபேசியைத் தரையோடு தரையாகப் பிடித்தார். குழந்தை முதலில் மின்விசிறியைப் பார்த்தது. பிறகு ஒரு காலைத் தூக்கியது. இடுப்பு மெல்ல ஒருக்களித்தது. தோள் பாதி வழியில் நின்றுவிட்டது. கீழ்க்கை நெஞ்சுக்கடியில் மாட்டிக்கொண்டது. முகம் சிவக்க ஒரு முக்கல். காது நுனி வரை சிவப்பு. அப்புறம் என்ன நினைத்ததோ, மல்லாந்து தன் கட்டைவிரலைச் சப்பத் தொடங்கியது. இப்படியே முக்கால் மணி நேரம். காபி ஆறுகிறது என்று மாமனார் கூப்பிட, எழுந்துபோய் ஒரு வாய் குடித்திருப்பார். பாயில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கி இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கைபேசியில் பதிவானது முக்கால் மணி நேர மின்விசிறிச் சத்தம்.

மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாப்பிள்ளையின் கோப்பை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இதெல்லாம் நம்மாளுக பிள்ளைத்தமிழ்ல எப்பவோ போட்டுட்டாங்களே மாப்ள” என்றார். காப்பில் தொடங்கிப் பத்துப் பருவம்; முதல் ஏழு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, கடைசி மூன்றில்தான் பிரிவு. ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, அது ஐந்தாம் மாதம். கை கொட்டுகிற சப்பாணி ஒன்பதாம் மாதம். நடந்து வா என்று கூப்பிடுகிற வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி. மதுரை மீனாட்சிக்குக் குமரகுருபரர் பாடியதை அவர் விளக்கிக்கொண்டே போக, மாப்பிள்ளை கவனமாகக் கேட்டுவிட்டு, “இதை பிடிஎஃப்பா அனுப்ப முடியுமா மாமா?” என்றார். அன்றே கோப்பில் ஒரு புதிய பத்தி ஏறியது. பிற்பாடு குழந்தை எட்டரை மாதத்தில் கை தட்டியபோது, மீனாட்சியம்மனையே முந்திவிட்டதாக அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தார்.

ஐந்தாம் மாதம் தாயும் சேயும் சென்னைக்கு வந்துவிட, போட்டி சூடுபிடிக்கிறது. தடுப்பூசி வரிசைதான் மைதானம். “உங்களுது உக்காருதா?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் விசாரிப்பார். விசாரிக்கிறவர் குழந்தை நிச்சயம் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் கேட்கவே மாட்டார். நம்மவர் முகம் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 வரை. இந்தக் கணக்கில் ஒரு குழந்தை ஓடத் தொடங்குகிற வயதில் இன்னொன்று உட்கார்ந்துகொண்டு காக்காய் பார்க்கலாம், இரண்டும் சரிதான். கணக்குப்பிள்ளைக்கு இந்த விவரம் எல்லாம் தெரியும், கோப்பிலேயே இருக்கிறது. ஆனால் அவர் பார்ப்பது இரண்டு எண்ணில் சிறியதை மட்டும்.

தவழ்வதில் வந்தது பெரிய சோதனை. குழந்தை உட்கார்ந்த வாக்கிலேயே, ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்து இழுத்து நகர்ந்தது. முட்டி போடுவதாகவே இல்லை. கட்டம் மஞ்சளிலிருந்து சிவப்பாயிற்று. ராத்திரியெல்லாம் கூகுள். இவருடைய அம்மா புளி கரைத்துக்கொண்டே, “நீ மட்டும் என்னத்தத் தவழ்ந்த? சுவரைப் பிடிச்ச, நடந்த” என்றார். பாட்டி சொன்னதற்கு ஆதாரம் அதே 2006 கணக்கில் இருக்கிறது: நூற்றுக்கு நாலு குழந்தைகள் போல முட்டி போட்டுத் தவழாமலேயே நடையைப் பிடித்துவிடுகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே எடுத்துவிட்டது. அமெரிக்காவே எடுத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கட்டம் அழிக்கப்பட்டு, இவருக்குச் சோறு இறங்கியது.

குழந்தை மருத்துவரிடம் கோப்பு அச்சாகிப் போகும், வண்ணத்தில். அவர் அதைப் புரட்டாமலே இரண்டு கேள்வி கேட்பார். “பேர் சொன்னா திரும்பிப் பாக்குதா? முன்னாடி செஞ்சுட்டிருந்தது எதையாவது இப்பச் செய்யாம விட்டுடுச்சா?” இரண்டுக்கும் கோப்பில் பத்தி கிடையாது. கையில் வந்த திறமை நழுவிப் போனால் அதைத்தான் மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார். அதற்கு நாள் பார்க்காமல் உடனே போக வேண்டும். முந்தியதா பிந்தியதா என்ற பந்தயம் அவருக்கு அவ்வளவு சுவாரசியப்படுவதில்லை. பதில் சொன்னது மனைவி. மருத்துவர் மருந்துச்சீட்டில் எடையை எழுதிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பிறகு ஆராய்ச்சிக் காலம். உளவியலாளர் ஜீன் பியாஜே தன் மூன்று குழந்தைகளிடம் பொருளைத் துணிக்கடியில் ஒளித்து வைத்துப் பார்த்தார் என்று எங்கோ படித்துவிட்டார். துணியை விலக்கித் தேடினால், கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்று குழந்தைக்குப் புரிந்துவிட்டதாக அர்த்தம். டிவி ரிமோட்டைத் துண்டுக்கடியில் வைத்தார். குழந்தை துண்டைச் சாப்பிட்டது. ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று இவருக்கும் அப்புறம் ஞாபகமில்லை. பாட்டி சீரியல் பார்க்கும் நேரத்துக்கு வீடே தேடியது.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளைப் பொறுக்குகிற வித்தை ஒன்பதாம் மாதத்தை ஒட்டி வரும் என்று, மெத்தென்ற இட்லித் துணுக்குகளைத் தட்டில் பரப்பிக் காத்திருந்தார். குழந்தை தட்டைத் தள்ளிவிட்டது. சோபாவுக்கடியில், பெருக்குமாறுக்குத் தப்பிய ஒரு செத்த எறும்பு கிடந்தது. அதை இரண்டு விரலால் அழகாக எடுத்தது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தது. வாய்க்குள் போட்டது. பாட்டி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவ, இவர் தேதி எழுதினார்.

முதல் சொல் ‘அப்பா’தான் என்பதில் இவருக்குச் சந்தேகமே இல்லை. “ப்பா” என்று தெளிவாகச் சொன்னது. இவரைப் பார்த்துச் சொன்னது. ஜன்னல் காக்காயைப் பார்த்தும், கேஸ் சிலிண்டரைப் பார்த்தும் சொன்னது. உதடு மூடித் திறந்தாலே வருகிற ஒலிகள் குழந்தைக்குச் சுலபம். ரோமன் யாகோப்சன் என்ற மொழியியலாளர் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மனைவி அதைப் படித்ததில்லை. “சிலிண்டருக்கும் நீங்கதான் அப்பாவா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு விஷயத்தில் இவர் பக்கம்தான் நியாயம். கே.கே. நகர்ப் பெரியப்பா, குழந்தையை உள்ளே உட்காரவைத்துத் தள்ளுகிற சக்கர வாக்கர் ஒன்றை வாங்கிவந்தார். இவர் பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. கண்மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்பங்கரைக்கோ உருண்டுபோகும், நடையையும் கற்றுத்தராது. “கனடா எங்க இருக்கு, கே.கே. நகர் எங்க இருக்கு?” என்று பெரியப்பா கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனார். மரத்தில் செய்த நடைவண்டி ஒன்று பரணிலிருந்து இறங்கியது. அதில் குழந்தை தன் காலில் நின்று, தானே பிடித்துத் தள்ள வேண்டும். அதே வண்டியைத் தள்ளித்தான் இவரும் ஒரு காலத்தில் வாசற்படியில் மோதி நெற்றியைப் புடைத்துக்கொண்டார் என்பது பாட்டி தந்த கூடுதல் தகவல்.

முதல் அடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. வீட்டில் பாட்டி மட்டும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது, குழந்தை சோபா விளிம்பை விட்டுவிட்டு மூன்று எட்டு வைத்து அவர் மடியில் வந்து விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு (வெங்காயம்தான்) நேராகத் தென்காசிக்கு ஃபோன் போட்டார். “சம்பந்தி, விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். உங்க மாப்பிள்ளை சனிக்கிழமை வீட்ல இருப்பான். அவன்தான் மொதல்ல பாக்கணும்.” சாயங்காலம் மருமகளுக்குத் தகவல் போயிற்று. துணி வாங்க வந்த இஸ்திரிக்காரர் வாசலில் நின்று கைதட்டினார்.

சனிக்கிழமை காலை கைபேசி தயார். குழந்தை சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை போயிற்று. காந்தப் பொம்மை ஒன்றைப் பிடுங்கியது. சாவகாசமாகத் திரும்பி வந்தது. “முதல் நாளே திரும்பத் தெரியுது பாத்தியா!” என்று கணக்குப்பிள்ளை கத்தினார். பாட்டி மூக்கில் விரலை வைத்து, “நானும் இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார். மனைவி வாயைப் பிளந்தது கொஞ்சம் அதிகப்படி. தென்காசியிலிருந்து நிமிடத்துக்குள் பதில்: “அப்படியா மாப்ள! நம்பவே முடியலியே!” கோப்பில் ஏறியது: ‘முதல் அடி. சனி, காலை 7.42. மொத்தம் பதினாறு எட்டு.’ கட்டத்துக்குப் பச்சையிலும் அடர்பச்சை.

அழைப்பு மணி. இஸ்திரிக்காரர், கையில் மடித்த துணிகளோடு. குழந்தை அவரைப் பார்த்ததும் தத்தித் தத்தி வாசலுக்கே போனது. “பாத்தீங்களா, இன்னிக்குத்தான் முதல் அடி!” என்றார் அப்பா.

“இப்ப நல்லா வந்துடுச்சு சார்,” என்றார் அவர், துணியை எண்ணிக் கொடுத்துக்கொண்டே. “செவ்வாக்கிழமை ரெண்டு தடவ விழுந்துச்சு.”