ஒரு தலையாட்டி ரசிகன்

கச்சேரி கேட்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாடத் தெரியாது, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தொடையில் தாளம், நல்ல சங்கதி விழும்போது ஒரு தலையாட்டல், இன்னும் உயர்ந்தால் நாக்கைத் தட்டி ஒரு "ச்சு". உலகத்தில் எந்த மூலையில் எந்தச் சங்கீதமாக இருந்தாலும் இந்தச் சாமான்கள் போதும் என்று நினைத்திருந்தேன். புவெனஸ் ஐரிஸில் ஒரே ராத்திரியில் அத்தனையும் என் காலை வாரிவிட்டன.

மகள் அங்கே வேலையாக இருந்தாள். டிசம்பர் சீசனை விட்டுவிட்டு நாங்கள் போனதே அவளுக்காகத்தான். போன இடத்தில் டாங்கோ கேட்காமல் வருவதா? ஊருக்கு வருகிறவர்களுக்கென்றே அங்கே டின்னர் ஷோக்கள் உண்டு. எட்மண்டோ ரிவேரோ என்ற பாடகர் 1969இல் சான் தெல்மோவில் திறந்த 'எல் வியேஹோ அல்மசென்' போன்ற பெயர்பெற்ற இடங்கள். சாப்பிடலாம், மேடையைப் பார்க்கலாம், கை தட்டிவிட்டு வரலாம். உங்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான்தான் கேட்கவில்லை. "உள்ளூர்க்காரங்க போற இடமாப் பாரும்மா" என்றேன். அவள் பார்த்தாள். அன்றைக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங் என்று அவளால் வர முடியவில்லை. போனில் ஒன்று மட்டும் சொன்னாள்: "அப்பா, பத்து மணிக்குப் போங்க. யாரையும் உத்துப் பாக்காதீங்க." இரண்டாவது வாக்கியம் என் மனசைப் புண்படுத்தியது. இந்த வயதில் மகள் சொல்கிற பேச்சா இது?

இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் அங்கே செய்ததற்கு அவர்கள் பொறுப்பல்ல. நகரத்தின் நடுவே இப்படிப்பட்ட பழைய கூடங்கள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. சூயிபாச்சா தெருவில் 1912இல் திறந்த 'கான்ஃபித்தேரியா ஐதெயால்' ஒன்று. மைப்பூ தெருவில் 'மராபூ' ஒன்று. அனிபல் த்ரோய்லோ தன் சொந்த வாத்தியக் குழுவோடு 1937இல் முதன்முதலாக வாசித்தது அங்கேதான். நாங்கள் போனதும் அந்த ஜாதிக் கூடம். உயரமான கூரை, தூண்கள், ஓரத்தில் ரசம் போன பெரிய கண்ணாடிகள். நடுவில் ஆடுவதற்கு வழவழவென்று மரத்தளம், அதைச் சுற்றி வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாம், ஆடுகிறவர்கள் எழுந்து ஆடலாம். இப்படிக் கூடி ஆடும் இரவுக்கு அங்கே மிலோங்கா என்று பெயர்.

பத்து மணிக்குப் போகச் சொன்னாள் என்றேனா? எட்டுக்குப் போய் நின்றோம். எட்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு. உள்ளே பரிமாறுகிறவர்கள் அப்போதுதான் மேஜைத்துணிகளை உதறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் சாயங்காலம் ஐந்தாறு மணிக்கு மெதியாலூனா என்கிற சின்ன இனிப்பு ரொட்டியும் காபியும் சாப்பிட்டு வயிற்றைச் சமாதானப்படுத்திவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை, பத்துக்கு மேல்தான். எங்களைத் திருப்பி அனுப்பாமல் ஒரு மேஜையில் உட்கார வைத்து ரொட்டிக்கூடையும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர். கூடையைக் காலி செய்தேன். இன்னொன்று வைத்தார். அதையும்.

அப்புறம் ஆர்டர். மெனுவில் 'பீஃபே தெ சோரிசோ' என்று இருந்தது. சோரிசோ என்றால் சாசேஜ் என்பது எனக்குத் தெரியும். மெனுவைப் படிக்கத் தெரிந்தவன் என்ற தோரணையில், முதலில் கொறிக்க அது, பிறகு சாப்பாட்டுக்குக் கோழி என்று விரலை வைத்துக் காட்டினேன். பெரியவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு கணம் என் வயிற்றைப் பார்த்தார், போய்விட்டார். வந்தது அம்மிக்கல் மாதிரி ஒரு மாட்டிறைச்சித் துண்டு. அரைக் கிலோவுக்குக் குறையாது. மாட்டின் இடுப்புப் பக்கத்துத் துண்டுக்குத்தான் அந்தப் பெயராம்; சாசேஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் மனைவி இரும்புச் சட்டியில் சுட்ட ப்ரொவொலேத்தா பாலாடைக்கட்டி ஒன்றை மட்டும் சொல்லியிருந்தாள். விளிம்பு முறுகி, நடுவில் கொப்பளித்து, மேலே ஓரெகானோ இலை தூவி வந்தது. அவள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் அம்மிக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னாலேயே கோழியும் வந்து சேர்ந்தது.

"ரொட்டி இன்னும் கொஞ்சம் கேக்கட்டுமாங்க?" என்றாள்.

பக்கத்து மேஜையில் எழுபதைத் தாண்டிய ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். வந்த ஊரில் இரண்டு புத்தகம் படித்துவிட்டு அந்த ஊர்க்காரருக்கே பாடம் எடுக்கும் வியாதி எனக்கு உண்டு. எடுத்தேன். 1871இல் மஞ்சள் காய்ச்சல் வந்து சான் தெல்மோவிலிருந்த பணக்காரர்கள் வடக்கே ஓடிப்போனது, அவர்கள் விட்டுப்போன மாளிகைகளில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக ஒண்டிக்கொண்டது, அந்த முற்றங்களிலும் தெருமுனைகளிலும் டாங்கோ வளர்ந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள் நாட்டின் மகத்தான டாங்கோ 'லா கும்பர்சீத்தா', அதை இன்றைக்கு வாசிப்பார்களா?" என்றேன்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

அவர் உருகுவே நாட்டுக்காரர். 'லா கும்பர்சீத்தா'வை எழுதியவர் ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரீகெஸ், மொண்டேவீடியோவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவர். 2000இல் சிட்னி ஒலிம்பிக்ஸில் அர்ஜென்டீனா அணி அந்த மெட்டுக்கு அணிவகுத்துப் போனதற்கு உருகுவே அரசாங்கமே ஆட்சேபம் தெரிவித்ததாம். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துச் சொன்னார். நல்ல மனிதர். அன்று ராத்திரி பிறகு எனக்கு அவர்தான் துணை.

வாத்தியக் குழு வந்தது. இரண்டு பந்தொனியோன், வயலின்கள், பியானோ, டபுள் பாஸ். மிருதங்கம், தபலா, ட்ரம்ஸ் என்று தட்டுகிற சாமான் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்த இளைஞர் முழங்காலில் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, அதன்மேல் பந்தொனியோனை வைத்தார். ஜெர்மனியில் பிறந்த வாத்தியம் அது. எழுபத்தொரு பொத்தான், நூற்று நாற்பத்திரண்டு ஸ்வரம்: துருத்தியை விரிக்கும்போது ஒரு ஸ்வரம் தரும் பொத்தான், மூடும்போது அநேகமாக வேறொன்று தரும். அதாவது விரல் வைக்கும் இடத்தை இரண்டு தடவை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர் துருத்தியை முழங்காலுக்கு இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி விரித்தார். மூடும்போது ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது, வாத்தியத்தினுடையதுதான்.

எனக்குத் தாளம் போட வேண்டும். நாலு நாலாகத்தானே போகிறது என்று ஆதி தாளத்தை எடுத்தேன். முதல் ஆவர்த்தனம் சேர்ந்தது. அப்புறம் பியானோ இழுத்தது, எல்லோரும் சேர்ந்து தாமதித்தார்கள், பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள். ஓஸ்வால்தோ புக்லியேசேயின் பாணி என்றார் பக்கத்து மேஜைக்காரர். இழுத்து, விட்டு, மறுபடி பிடிப்பது. மொத்தக் குழுவும் சட்டென்று நிறுத்தி, கூடம் மூச்சடங்கிய ஓர் இடத்தில் என் தொடை மட்டும் 'பட்' என்றது. பந்தொனியோன்காரர் நிமிர்ந்து பார்த்தார். டாங்கோ முடியும்போது கடைசியில் இரண்டு அடி விழும். சான்-சான் என்று அவர்களே அதைச் சொல்வார்கள். இரண்டாவது, முதலாவதைவிட மெதுவாக விழும். நான் முதல் 'சான்'னிலேயே கை தட்டிவிட்டேன். அடுத்த பாட்டில் ஜாக்கிரதையாகக் காத்திருந்து, மறுபடியும் முதல் 'சான்'னிலேயே தட்டினேன்.

இனிமேல் கையே வேண்டாம், தலை போதும் என்று முடிவு செய்தேன்.

புதுப் பாட்டு. தொடக்கத்தில் வயலின் தனியாக ஒரு பிடி பிடித்தது. அதில் ஒரு வளைவு. நம் வித்வான்கள் யாராவது கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார்கள். என் தலை தானாக ஆடியது. புருவம் உயர்ந்தது. எதிர்ப்பக்கத்து மேஜையில் பச்சைக் கவுன் போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆகா, அகப்பட்டார் ஒரு ரசிகை என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் பலமாக ஆட்டினேன். அவர் புன்னகை செய்து, கைப்பையை மூடி மேஜையில் வைத்து, பார்வையை எடுக்காமல் காத்திருந்தார்.

பக்கத்து மேஜைக்காரர் முழங்கையால் இடித்தார். "போங்கள். காத்துக்கொண்டிருக்கிறாரே?"

மிலோங்காவில் "ஆட வருகிறீர்களா" என்று யாரும் மேஜைக்குப் போய்க் கேட்பதில்லை. தூரத்திலிருந்து கண்ணைப் பார்க்க வேண்டும். தலையை லேசாக அசைக்க வேண்டும். சம்மதமானால் அந்தப் பெண்ணும் அசைப்பார். இஷ்டமில்லாவிட்டால் வேறு பக்கம் பார்த்துவிடுவார். மறுக்கப்பட்டது மூன்றாம் பேருக்குத் தெரியாது; யார் முகத்திலும் கரி இல்லை. கபெசேயோ என்று பெயர். எத்தனை நாகரிகமான ஏற்பாடு! சபாவில் வருஷக்கணக்காகத் தலையாட்டிப் பழகிய ஒருவன் நடுவில் உட்கார்ந்திருப்பான் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. மகள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அந்த இடத்தில்தான் புரிந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? கூப்பிட்டது நீங்கதானே. போயிட்டு வாங்க."

போனேன். அந்த அம்மாள் எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்து, மறு கையை என் தோளைச் சுற்றிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆண் நடத்த வேண்டும், பெண் அதை உடம்பால் கேட்டுக்கொண்டு வருவார். எனக்கு எங்கே நடத்துவது என்று தெரியவில்லை. மற்றவர்கள் தோல் அடி வைத்த ஷூவில் வழுக்கித் திரும்பினார்கள்; என்னுடையது வாக்கிங் போகிற ரப்பர் ஷூ. தரை அதை விடவே இல்லை. இடது காலைத் தூக்கினேன், வைத்தேன். வலது காலைத் தூக்கினேன். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன டிராஃபிக் ஜாம் உண்டானது.

பாட்டு முடிந்தது. இந்தத் தடவை இரண்டு 'சான்'னும் விழுகிற வரை காத்திருந்தேன், எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ஒரே ஒரு நல்ல சொல்லை, கை கூப்பி, மனதார, அவரிடம் சொன்னேன்: "க்ராசியாஸ்."

அவர் முகம் மாறியது. பிறகு நாகரிகமாகச் சிரித்து, திரும்பித் தன் மேஜைக்கு நடந்தார். மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. ஆரம்பித்தால் முடிகிற வரை அதே ஜோடிதான். நடுவில் நன்றி சொன்னால் "உன்னோடு ஆடியது போதும்" என்று அர்த்தம். போதாததற்கு, ஆட்டம் முடிந்தால் பெண்ணை அவர் இடம் வரை கொண்டுபோய் விடுவதும் ஆணின் கடமை. நடக்கவே தெரியாத நான், ஆடத் தெரிந்த ஒருவரை ஊர் பார்க்க நிராகரித்துவிட்டு, தளத்தின் நடுவில் கும்பிட்டபடி நின்றேன்.

முகம் கழுவலாம் என்று தளத்தின் ஓரமாகப் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் என்மேல் வந்து மோதினார்கள். அவர்கள் சுற்றுவது இடஞ்சுழி. கோயிலுக்குப் போகிறவன் கால் எந்தப் பக்கம் போகும்? நான் பிரதட்சணமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டேன். இனி எந்த அவயவமும் தப்புச் செய்யாது. த்ரோய்லோகூட வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்று படித்திருக்கிறேன். அவர் மூடியது சங்கீதத்தில் கரைந்து. நான் மூடியது அம்மிக்கல்லும் சிவப்பு மால்பெக் ஒயினும் சேர்ந்து அழுத்தி. பாடகி பாடினாராம். கூடமே கலங்கியதாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

விழித்தபோது தெரிந்த மெட்டு ஒன்று காதில் விழுந்தது. 'லா கும்பர்சீத்தா'! அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மெட்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, கச்சேரி இப்போதுதான் களைகட்டுகிறது என்று பெரியவரைக் கூப்பிட்டு இரண்டு காபி சொன்னேன். அவர் என்னையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார். மிலோங்காவில் கடைசியாக வாசிப்பது அதுதான், நம் மங்களம். மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். உருகுவேக்காரர் தொப்பியைத் தூக்கி விடைபெற்றார். காபி வந்தபோது நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

போகிறவர்கள் டிசம்பரில் போங்கள். டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் பிறந்த டிசம்பர் 11ஐ அங்கே தேசிய டாங்கோ தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆட விருப்பமில்லை என்றால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருங்கள். யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அந்த மாதம் அங்கே கோடைக்காலம், ஸ்வெட்டர் வேண்டாம். நாங்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துப் போயிருந்தோம்.