இதுவும் ஒரு ஸ்னோவா?

காலையில் எழும்பியதும் தேத்தண்ணிக்கு முன் நான் பார்ப்பது கைபேசியில் ஓடும் மலைக் கேமராக்களைத்தான். அடெல்போடனில் ஒன்று, லெங்கில் ஒன்று, டீம்டிக் பள்ளத்தாக்கில் இன்னொன்று. நான் இருக்கும் சுவிஸ் நகரமான தூனிலிருந்து ஒரு மணி நேரம் முன்பின்னாகப் போய்ச் சேரக்கூடிய மலைகளெல்லாம் என் தலைமாட்டில் வந்து வரிசையாக நிற்கும். 2022 டிசம்பர் கடைசியில் அடிவாரத்துக் கேமராக்கள் எல்லாம் ஒரே காட்சியைத்தான் காட்டின: புல்லு. நல்ல பச்சைப் புல்லு. மாடு இல்லாததுதான் குறை.

"இஞ்சேருங்கோ, அது என்ன உங்கடை காணியே, விடிய விடியப் பாக்கிறியள்?" என்றாள் மனைவி.

காணி இல்லைத்தான். ஆனால் கவலை மட்டும் காணிக்காரனுடையது. இதே மலைகளை முதன்முதலாகப் பார்த்த காலத்தில், இந்தப் பனி எப்போது ஒழியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவனும் நானேதான்.

அது 1980களின் பிற்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும், பேர்ன் மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் ஹோட்டல் குசினிக்குள் நுழைந்தேன். அந்த நாளில் வந்த எங்கள் பெடியள் பலர் சுவிஸைப் படித்தது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றுதான். என் வேலை விடியற்காலையில் சவளோடு தொடங்கும். வாசற்படியில் இரவெல்லாம் விழுந்ததை அள்ளி ஒதுக்கி, உப்புத் தூவி, கடைசிப்படிக்கு வந்து திரும்பிப் பார்த்தால் முதற்படி மறுபடி வெள்ளையாக இருக்கும். இந்தச் சாமானில் சறுக்கி விளையாடுவதற்கென்று காசு செலவழித்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். "குடிச்சுப்போட்டோ எழுதினனீ?" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

ஹோட்டல் குசினியில் வேலை செய்த எவருக்கும் 'சிம்மர்ஷ்டுண்டெ' தெரியும். மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும் வரைக்குமான இடைவேளை. மற்றவர்கள் அறைக்குப் போய் நித்திரை கொள்வார்கள். எங்கள் செஃப் கொள்ளமாட்டார். அறுபதை நெருங்கிய எம்மென்டால் மனிதர். கோபம் வந்தால் சட்டி பறக்கும், போனால் தன் தட்டிலிருந்தே எடுத்துத் தருவார். ஒரு மத்தியானம் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய், விருந்தாளிகள் காலங்காலமாக விட்டுப்போன ஸ்கீக்களைக் கிளறினார். அளவுக்கு ஒரே விதி: கையை உயர்த்தினால் ஸ்கீயின் நுனி மணிக்கட்டைத் தொட வேண்டும். அங்கே கிடந்ததில் ஆகக் கட்டையானதே என் விரல் நுனியையும் தாண்டி நின்றது. பரவாயில்லை, வளருவாய் என்றார். எனக்கு அப்போது 22 வயது.

கையுறைக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. கம்பளிக் கையுறையைப் போட்டு, அதற்கு மேலே பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறையை இழுத்துவிட்டேன். ஈரம் உள்ளே புகவில்லை. தூரத்திலிருந்தே ஆளை அடையாளமும் காணலாம். இழுவை லிஃப்டில் ஒரு கம்பிக்கு இருவர். குறுக்குச் சட்டத்தைப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொள்ள வேண்டும், உட்காரக்கூடாது. ஆறடி உயரமுள்ள செஃபின் தொடையில் படும் சட்டம் எனக்கு இடுப்பெலும்பில் படும். மேலே போய்ச் சேரும்வரை அவர் வசதியாகச் சாய்ந்திருப்பார், நான் தொங்கிக்கொண்டிருப்பேன். டிக்கெட் கேள்வியே எழுந்ததில்லை. லிஃப்ட்காரருக்கு எங்கள் குசினியிலிருந்து சூப் போகும்.

ஒருநாள் முழங்கால் புதையுமளவுக்கு விழுந்திருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். செஃப் உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் ஒரு ஸ்னோவா? நீ 63இல் வந்திருக்க வேண்டும்."

1963இல் சூரிச் ஏரி முழுவதும் உறைந்து, சனங்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து போனார்கள். 1951இல் பனிச்சரிவுகள் வீடுகளை அள்ளிக்கொண்டு போயின. சுவிஸில் மட்டும் நூறு பேரளவில் செத்தார்கள். இதையெல்லாம் அவர் தன் சொந்தச் சாதனை மாதிரிச் சொல்வார். கிழவன் அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது: 1987–88 தொடங்கி அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள் சுவிஸில் பனி குறைந்து போனவை. லிஃப்ட் கம்பனிகள் வங்கி வாசலில் நின்றிருக்கின்றன. அப்படியானால் நான் மலைத்துப்போய் நின்ற பனி, செஃபின் கணக்கில் பஞ்சகாலப் பனி. நான் உள்ளே வந்த கதவால் அது வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இடையில் 1999 பெப்ரவரியில் ஒருமுறை திரும்பிவந்து, பள்ளத்தாக்குகளைத் துண்டித்து, ஆட்களையும் கொன்று, தான் யாரென்று காட்டிவிட்டுப் போனதும் உண்மை.

இப்போது என்னிடம் எல்லாம் இருக்கிறது. தலைக்கவசம், சூடான உள்ளுடுப்பு, நாடியளவு உயரத்தில் ஒரு சோடி ஸ்கீ. 1990களில் இடுப்புச் சிறுத்த புது மாதிரி ஸ்கீ வந்தபிறகு, நீளமே வீரம் என்றிருந்த காலம் முடிந்துவிட்டது. சற்றுச் சாய்ந்து கொடுத்தால் அதுவே திரும்பிக்கொள்கிறது. சூப்புக்கு லிஃப்ட் ஏறிய இடத்தில், சட்டைப்பைக்குள் இருக்கும் அட்டையைக் கதவு தானாகவே மணந்து பிடிக்கிறது. 2022–23 குளிர்காலத்தில் நாள் டிக்கெட் 70 பிராங் பக்கம் இருந்தது. அதுகூட நிலையில்லை. பல இடங்களில் முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, வெயில் அடிக்குமென்ற சனிக்கிழமைக்கு இன்னொரு விலை. இல்லாத பனிக்கு விலை குறையுமென்று நினைப்பவர் இந்த நாட்டை அறியாதவர்.

2023 புதுவருட நாளன்று டெலெமோனில் வெப்பம் 20 பாகையைத் தாண்டியது. சனவரி முதலாம் திகதி, ஆல்ப்ஸுக்கு வடக்கே. நாங்கள் பல்கனியில் இருந்து பால்சோறு சாப்பிட்டோம். அடுத்த வீட்டுச் சுவிஸ்காரர் அரைக்கைச் சட்டையோடு வந்து எட்டிப்பார்த்து, "உங்களுக்கு இது பிடிக்குமே!" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில். எனக்குச் சுருக்கென்றது. நான் இந்தப் பனிக்காகப் புலம்பத் தொடங்கி இருபது வருஷமாகிறது. அவர் ஸ்கீயே ஓடாதவர்.

அடுத்த சனிக்கிழமை அடெல்போடனில் உலகக்கிண்ண ஓட்டம். மலைச்சரிவு முழுக்கப் பச்சை. நடுவில் மட்டும், புல்லில் காயப்போட்ட வேட்டி மாதிரி நீளமாக ஒரு வெள்ளை. இரு கரையிலும் ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நின்று கத்த, சுவிஸ் வீரர் மார்கோ ஓடர்மாட் அந்த வேட்டியில் இறங்கி வந்து வென்றார். குஷ்டாட் பக்கத்தில் ஒரு பாதையை ஒட்டுப்போட ஹெலிகாப்டரில் பனி கொண்டுவந்து கொட்டினார்கள். நாடு கொதித்தது. என் மகளும் கொதித்தாள். கொதித்து முடித்துவிட்டு, "அப்பா, அந்தப் பக்கம் இப்ப திறந்திருக்கோ?" என்று கேட்டாள்.

அந்த வேட்டியை நெய்த பனிப்பீரங்கியைப் பற்றி ஏளனமாகப் பேசுவது என் தலைமுறைக்கு ஒரு பொழுதுபோக்கு. கிட்டப்போய்ப் பார்த்தால் அவ்வளவு சுலபமான சங்கதியில்லை. நீரைப் பொடித் துளிகளாக்கிக் காற்றழுத்தத்தோடு மேலே வீசுகிறார்கள். கீழே வந்து சேர்வதற்குள் துளி உறைந்துவிட வேண்டும். குளிர் மட்டும் போதாது, காற்று வறண்டும் இருக்க வேண்டும். ஈரக்காற்றென்றால் பூச்சியத்துக்குக் கீழே இன்னும் சில பாகை இறங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காக இரவிரவாகக் காத்திருந்து, நாலு மணி நேரம் குளிர் கிடைத்தாலும் அத்தனை பீரங்கியையும் முடுக்குவார்கள். சுவிஸ் சறுக்குப் பாதைகளில் பாதியளவுக்கு இப்போது இந்த ஏற்பாடு உண்டு. அதற்கென்றே மலைமேல் குளம் வெட்டியிருக்கிறார்கள். குளம் வெட்டி, வானம் பார்த்து, வாய்க்கால் திறந்து, எங்கள் வன்னிக் கமக்காரரிடம் கேட்டிருந்தால் மிச்சத்தையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் குளிர்காலம் மின்சாரத்துக்கும் பஞ்சம் வரலாமென்ற பயம் வேறு. தட்டுப்பாடு முற்றினால் எதையெதை நிறுத்துவதென்று அரசு எழுதிய வரைவில் பீரங்கிகளின் பெயரும் இருந்தது.

விழுந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். வானம் போட்ட புதுப்பனி கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். பீரங்கிப்பனி 400ஐத் தாண்டும். செஃப் காலத்தில் விழுந்தால் சிரித்துக்கொண்டு எழும்பலாம். இப்போது விழுந்தால் முதலில் காப்புறுதி அட்டை எங்கேயென்று யோசனை வருகிறது.

சனவரி நடுவில் வானத்துக்கு மனம் இரங்கியது. இரண்டு இரவு கொட்டியது. வேலைத்தலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தடிமன். நானும் பேத்தியும் முதல் லிஃப்டில் ஏறினோம். ஸ்கீ போகிற சத்தமே இல்லை. முழங்காலடியில் பனி பிளந்து, பின்னால் தூளாக எழும்பி, கழுத்துக்குள் புகுந்து உருகி முதுகால் இறங்கியது. "அம்மப்பா, இது பஞ்சோ?" என்றாள். அவளுக்கு ஆறு வயது. அதுவரைக்கும் அவள் அறிந்த பனி பீரங்கிப்பனிதான். அதற்குப்பின் ஃபோன் என்று இங்கே சொல்லும் வெப்பக் காற்று தெற்கிலிருந்து இறங்கி வந்து கொஞ்சத்தைத் தின்றது, மழை கொஞ்சத்தைத் தின்றது. பெப்ரவரியில் காலை ஒன்பதுக்குப் பாதை இரும்பு, பதினொன்றுக்குச் சீனி, இரண்டு மணிக்குச் சகதி. அந்த மூன்று மணி நேரச் சீனிக்காக 70 பிராங்.

அந்த மாதத்துப் பள்ளி விடுமுறைக்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் வகுப்பறைகளைச் சூடாக்க நிலக்கரி போதாமல், குளிர் உச்சத்தில் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்கள். நிலக்கரி போய்விட்டது, விடுமுறை தங்கிவிட்டது. தூன் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 800 மீட்டருக்குக் கீழே பனி கிடக்கும் நாட்கள் 1970க்குப் பிறகு பாதியாகிவிட்டன. மகள் சின்னவளாய் வண்டி விட்டுச் சறுக்கிய வீட்டுப் பின்புற மேட்டில் அந்த விடுமுறையில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். எங்கள் யன்னலால் தெரியும் ஷ்டொக்ஹோர்னில் ஸ்கீ லிஃப்டுகளே இப்போது இல்லை. சப்பாத்தோடு நடக்கிறார்கள், ஏரி உறைந்தால் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள்.

மலையுணவகத்தில் பேத்திக்குச் சூடாக ஓவோ வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் அதே ஓவல்டீன்தான். பிறந்த ஊர் பேர்ன். இங்கே அதைச் சுகதேகிகள் குடிக்கிறார்கள். கோப்பையைக் கொண்டுவந்து வைத்தது ஓர் எரித்திரியப் பெடியன். புதிதாக வந்திருக்கிறான் போல. மேல்சட்டை அவனைவிட இரண்டளவு பெரிது. வெளியே கிடந்த கந்தல் பனியைக் காட்டி, "எவ்வளவு!" என்றான்.

"இதுவும் ஒரு ஸ்னோவா? நீ 99இல் வந்திருக்க வேண்டும்" என்றேன். பேர்ன் பேச்சுவழக்கில், செஃபின் இழுவையோடு அப்படியே வந்து விழுந்தது.

"எனக்கு இது போதும் ஐயா. படி அள்ளுறது நான்" என்றுவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனான். வழக்கத்தைவிட அதிகமாக டிப்ஸ் வைத்தேன்.

மார்ச்சில் மகள் அழைத்தாள். அடுத்த வருடத்துக்கான பாஸை இப்போதே வாங்கினால் மலிவாம், நாலு பேருக்கும் போடவா என்று கேட்டாள். போடு என்றேன். அதே பாஸில் கோடைக்கும் லிஃப்ட் ஏறலாமாம், சைக்கிளும் கொண்டு போகலாமாம்.