300 ரூபாய்ச் சாமான், 650 ரூபாய்க் கிட்

எண்பதுகளின் கடைசியில் பெரம்பலூர் இன்னும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1995-இல். அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமானது 2007-இல். அந்தக் காலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பித்துப் பிடித்த பையன்களுக்கு ஒரு 555 ஐ.சி. வேண்டுமென்றாலும் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். டெல்லியிலிருந்து வந்த ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ பத்திரிகையில் சர்க்யூட் இருக்கும்; சாமானுக்கு எங்கே போவது?

எங்களுக்கு வழிகாட்டியவர் ஒரு ரேடியோ கடை அண்ணன். பகலெல்லாம் ரிப்பேர். ராத்திரியில் காப்பர் பலகையில் எனாமல் பெயின்ட்டால் கோடு வரைந்து, ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்து, கை டிரில்லால் ஓட்டை போட்டு பி.சி.பி. செய்வார். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், கண்டென்சர் எல்லாம் எண்ணி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கார்பன் வைத்து எழுதிய சர்க்யூட் தாளையும் உள்ளே மடித்து வைப்பார். வீட்டு மியூசிக்கல் பெல், பாட்டரி எலிமினேட்டர், திருவிழா சீரியல் செட்டுக்கு ஓடுகிற விளக்கு. அதுதான் நாங்கள் பார்த்த முதல் ‘கிட்’.

விலை? சாமான் வாங்கிய காசு, அதற்கு மேல் ஐந்து ரூபாய். வேலை செய்யவில்லை என்று கொண்டுபோனால் கருகிய டிரான்சிஸ்டரைத் தன் கையிலிருந்தே மாற்றித் தருவார். “கூலி சேத்தா பசங்க எப்படிடா வாங்குவீங்க?” என்பார். அவருடைய ராத்திரிகளுக்கும் பஸ் சார்ஜுக்கும் அந்த விலையில் இடமே இல்லை. சில வருஷங்களில் கடையை மூடிவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனார். அவரிடம் தொழில் கற்றவர்கள் இன்றும் பெரம்பலூரில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலில் அவரால் நிற்க முடியவில்லை.

இன்று சாமானுக்குப் பஞ்சமில்லை. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த ஆர்டுயினோ போர்டின் நகல்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அரியலூர்ப் பக்கம் டிப்ளமோ முடித்த ஒரு தம்பி, மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கன்ட்ரோலர் கிட் செய்கிறார். மாணவர்களுக்குச் சாமானாக, மற்றவர்களுக்கு முழுதாக மாட்டி. கிட் விலை 650 ரூபாய். அவர் வீட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்து போனை நீட்டினார்.

“தம்பி, இதே போர்டு இதுல 300-தான போட்டிருக்கான்?”

“பெரியப்பா, அது 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். நம்ம ஊரு கரண்டுக்கு நிக்காது.”

“பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தானேப்பா இருக்கு.”

பார்த்தால் ஒன்றுதான். சாயங்காலம் ஊர்க் கடைசி வீட்டில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினால், 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் 9 வோல்ட்கூட முழுசாகத் தராது. 7812 ரெகுலேட்டர் தடுமாறும், ரிலே படபடக்கும். அதனால் தம்பி 15 வோல்ட் போடுகிறார். அப்படிப் போட்டால் வோல்டேஜ் ஏறும்போது ரெகுலேட்டர் சுடும். அதற்கு ஹீட் சிங்க் வேண்டும், கண்டென்சர் 35 வோல்ட் தாங்க வேண்டும். ஒரு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டில் சின்ன ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்; பிறகு தொட்டி நிரம்பினாலும் மோட்டார் நிற்காது. அதனால் 30 ஆம்பியர் ரிலே.

இதற்கெல்லாம் மேலே தண்ணீர். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். போர் தண்ணீரில் சென்சார் கம்பிகளை விட்டு டி.சி. கொடுத்துக்கொண்டே இருந்தால் நெகட்டிவ் கம்பியில் சுண்ணாம்பு படியும், பாசிட்டிவ் கம்பி செம்பாக இருந்தால் அரித்துப்போகும். தம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, கரண்டை விட்டுவிட்டு அனுப்புகிறார். இந்த ஊர்த் தண்ணீரோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் இதற்கு வழி கண்டுபிடித்தார்.

தம்பி தன் கணக்கு நோட்டைக் காட்டினார். சாமான் 300. அதிலேயே சுமார் 46 ரூபாய் ஜி.எஸ்.டி.; பதிவு செய்யாத சிறு தயாரிப்பாளரால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. உடைந்தது, பழுதாக வந்தது என்று 30. டப்பா, பேக்கிங், தமிழில் அச்சடித்த விளக்கத் தாள் 60. சாமானைச் சோதித்து, எண்ணிப் போட, போனில் சந்தேகம் தீர்க்க ஒன்றரை மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்றால் 150. இது கொத்தனாரின் நாள் கூலி விகிதத்தைத் தாண்டாது. திரும்பி வருகிறவற்றை மாற்றித் தர 50. ஆக 590. மிச்சம் 60 ரூபாயில்தான் அடுத்த டிசைனுக்கான செலவு முழுக்க. இதில் கொள்ளை எங்கே இருக்கிறது?

உலகத்துக்கே கிட் பழக்கத்தைக் கொடுத்த கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் ஹீத்கிட். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய சாமான்களை வைத்து 1947-இல் ஆசிலோஸ்கோப் கிட்டை 39.50 டாலருக்கு விற்றது. இயந்திரம் மாட்டிய ரெடிமேட் பொருள் கிட்டைவிட மலிவானதும் அந்தக் கம்பெனியாலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1992-இல் கிட் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், மலிவு விலையோடு போட்டி போடச் சொல்லி அரியலூர்த் தம்பியை நாம் நெருக்குவது எவ்வளவு பெரிய அநியாயம்!

நியாய விலை என்பது விற்கிறவரையும் கட்டுப்படுத்தும். மாணவர்கள் கிட் வைத்துச் செய்து பழக 2016-இல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்தார்கள். அப்படிப் பொதுப்பணம் வரும் இடத்தில் பளபளப்பான பெட்டிக்கு விலை ஏற்றுவதும், வாங்கிய பிறகு போனை எடுக்காமல் விடுவதும் நியாயமில்லை. சொந்தமாக எதையும் யோசிக்காமல் நகல் போர்டைப் பிரித்துப் பொட்டலம் கட்டினால், பொட்டலம் கட்டிய கூலி மட்டும்தான் கேட்கலாம்.

கிட் செய்கிற தம்பிகளே, தங்கைகளே, விலையைப் பிரித்து எழுதி அந்த விளக்கத் தாளிலேயே அச்சடியுங்கள். உங்கள் நேரத்தை முதல் வரியில் போடுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். வாங்குகிறவர்களே, ஆன்லைன் விலையைக் காட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊர் வோல்டேஜில் ஓடுமா, நம் தண்ணீரில் நிற்குமா, பழுதானால் யார் வருவார்கள்? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.