மீசைக்கு வந்த வருத்தம்

நாரந்தனையில் ஒருவருடைய முகம் வீங்கினால் அது அவருடைய முகம் இல்லை, ஊருக்குப் பொது. எங்கள் அம்மானுக்கு மேலுதடும் கண்மடலும் சிவந்து வீங்கி, நீர் கசிந்த ஞாயிற்றுக்கிழமை படலை சாத்த நேரமே கிடைக்கவில்லை.

"நேற்றுத் திண்ட நண்டு" என்றார் முதலில் வந்தவர். "அம்மாள் வருத்தம்" என்று அடுத்தவர் வேப்பிலையோடு வந்தார். இன்னொருவர் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார். கனடாவிலிருந்து மச்சாள் வாட்சப்பில் முகத்தைப் பார்த்துக் கற்றாளை பூசச் சொன்னா. பின்வளவுக்காரர் தன் கால் எக்ஸிமாவுக்குக் கிடைத்த ஒயின்மெந்தில் மிச்சமிருந்ததைத் தந்தார். அம்மான் எல்லாவற்றையும் பூசினார், மரியாதைக்கு.

பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போனோம். "என்ன பூசினீங்கள்?" என்றார் தோல் வைத்தியர். அம்மான் வேப்பிலையில் தொடங்கி ஒயின்மெந்து வரை ஒப்புவித்தார்.

"மீசை நல்ல கறுப்பு" என்றார் வைத்தியர். மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

"வெள்ளிக்கிழமைதான் பூசினனான். ஆனா டொக்டர், இது கனவருசப் பழக்கம். இப்ப மட்டும் என்ன?"

சாயத்திலுள்ள பாரா-பெனிலின்டயமினைத் தோல் வருடக்கணக்கில் பொறுத்திருந்துவிட்டு, ஒருநாள் எதிரி என்று முடிவெடுக்கும். பிறகும் பூசிய கையோடு பொங்காது. ஒன்றிரண்டு நாள் செல்லும். அதற்கிடையில் சாப்பிட்ட நண்டு மறியலுக்குப் போகும். குற்றவாளியைப் பிடிக்க 1895இல் யோசெப் யடாசோன் என்ற ஜெர்மன் வைத்தியர் ஒட்டுச் சோதனையைக் காட்டினார். சந்தேகத்துக்குரியதை முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் விடுவார்கள். சாயப் பெட்டியிலும் முதலில் சோதித்துப் பார்க்கும்படி எழுதியிருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டு அதை வாசித்த மீசைக்காரரை நான் கண்டதில்லை.

மருந்து? வீரியம் குறைந்த ஹைட்ரோகோட்டிசோன் சில நாள், வெறும் வசலின், வேறொன்றும் வேண்டாம். கால் மருந்தை முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். அம்மானுக்கு ஏமாற்றம். ஒன்றும் பூசாமல் இருக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறினது? உண்மையில் வைத்தியத்தில் கடினமான பகுதி அதுதான். மாமி படலையில் நின்று, வந்த மஞ்சளையெல்லாம் வாங்கிக் கறிக்குப் போட்டா.

முகம் ஆறியது, மீசை வெளுத்தது. கோயில் திருவிழாவில் ஒருவர் பிடித்துக்கொண்டார்: "என்ன அண்ணை, திடீரெண்டு கிழண்டுபோனியள்? இந்தாங்கோ, கறுப்பு மருதோன்றி. இயற்கை. கெமிக்கல் ஒண்டுமில்லை."

மருதோன்றிக்குச் செம்மை தவிர வேறு நிறம் தெரியாது. அதைக் கறுப்பாக்கக் கலப்பது பெரும்பாலும் அதே பாரா-பெனிலின்டயமின்தான். அம்மான் பொட்டலத்தை வாங்கி மடியில் செருகினார். மாமியும் கண்டா.